மிஸ், படம் வருது, சவுண்டு வரல: வகுப்பறைத் திரைக்கு ஒரு கோளாறுக் கையேடு

வட சென்னையில் தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரைக்கும், அதற்கும் வடக்கே அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கமும், பல பள்ளிகளில் இப்போது ஒரு ப்ரொஜெக்டரோ பெரிய டிவியோ இருக்கிறது. அதில் அறிவியல் பாடத்துக்கான அசைவுப் படங்களைப் போடுகிறோம். பிள்ளைகள் தங்கள் வீட்டு ஆயா, தாத்தாவிடம் போனில் எடுத்து வந்த பேட்டிகளையும் போடுகிறோம். வலை, உப்பளம், முகத்துவாரம், பக்கிங்ஹாம் கால்வாயில் விறகும் கிளிஞ்சலும் ஏற்றி வந்த படகு என்று பழைய கிராமக் கதைகள் அதில் வரும். இரண்டும் ஒரே வயரில்தான் ஓடுகின்றன. ஆனால் அசைவுப் படம் கெட்டுப்போனால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். ஆயா சொன்னதை மறுபடி அதே மாதிரி சொல்லமாட்டார். சில நேரம் சொல்ல ஆளே இருக்காது.

அதனால் கீழே உள்ள எந்த வைத்தியத்துக்கும் முன்னால் இரண்டு விஷயம். பேட்டியின் மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள், நகல் எடுத்து நகலில் வேலை பாருங்கள். இன்னொன்று, ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றிப் பாருங்கள். வயரையும் மாற்றி, லேப்டாப்பையும் மாற்றி, ஸ்பீக்கரையும் மாற்றினால் சத்தம் வந்துவிடும். எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு திரும்ப வரும்.

"ஸ்க்ரீன்ல ஒன்னியும் வரல மிஸ்"

விளக்கு எரிகிறது, நீலத் திரையில் 'நோ சிக்னல்' என்று நிற்கிறது. ரிமோட்டில் 'சோர்ஸ்' பொத்தானை அழுத்தி, வயர் எந்த வாயில் செருகியிருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். லேப்டாப்பில் விண்டோஸ் விசையோடு 'பி' விசையைச் சேர்த்து அழுத்தி 'டூப்ளிகேட்' கொடுங்கள். பெரும்பாலும் இதிலேயே வந்துவிடும்.

வரவில்லையென்றால் வயர்தான். மேஜையிலிருந்து சுவரேறிக் கூரை வரை போகிற நீளமான எச்.டி.எம்.ஐ வயரில் உயர்ந்த தெளிவுப் படம் தடுமாறும். திரைத் தெளிவை 720-க்கு இறக்கிப் பாருங்கள்; படம் வந்தால் வயர் தாக்குப்பிடிக்கவில்லை என்று அர்த்தம். காசிமேடு, திருவொற்றியூர் மாதிரிக் கடலை ஒட்டிய பள்ளிகளில் இன்னொரு காரணமும் உண்டு. உப்புக்காற்று பட்டுச் செருகியின் முனையில் மங்கலான படலம் பிடித்திருக்கும். மின்சாரத்தை அணைத்துவிட்டு, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் துரு பிடிக்காது என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம்.

"படம் ஓடுது, சவுண்டு வரல"

முதலில் வயரைப் பாருங்கள். நீலத் தலையும் இரண்டு பக்கம் திருகும் உள்ள வி.ஜி.ஏ வயர் என்றால் அதில் சத்தம் போகவே போகாது. லேப்டாப்பின் காதொலி வாயிலிருந்து ஸ்பீக்கருக்குத் தனி வயர் வேண்டும்.

எச்.டி.எம்.ஐ என்றால் நிலைமை நேர்மாறு. வயரைச் செருகியதுமே லேப்டாப் தன் சத்தத்தை ப்ரொஜெக்டருக்கு அனுப்பிவிடும். கூரையில் இருக்கும் ப்ரொஜெக்டரின் ஸ்பீக்கர் உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான், அறுபது பிள்ளைகள் உள்ள அறைக்குப் போதாது. நீங்கள் மேஜை ஸ்பீக்கரின் குமிழைத் திருகிக்கொண்டே இருப்பீர்கள், குரல் கூரையில் முனகிக்கொண்டிருக்கும். திரையின் வலது கீழ்மூலையில் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, சத்தம் எந்தக் கருவிக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுங்கள்.

பிள்ளைகளின் போன் பேட்டி மட்டும் மெதுவாகக் கேட்கிறது, மற்ற வீடியோ எல்லாம் சரி என்றால் ஸ்பீக்கரைத் திட்டிப் பயனில்லை. பதிவே மெதுவாக எடுக்கப்பட்டிருக்கிறது. வி.எல்.சி பிளேயரில் ஒலியளவை 100 சதவீதத்துக்கு மேலும் ஏற்றலாம். அன்றைய வகுப்பு ஓடிவிடும். நிரந்தர வழி, பேட்டி எடுக்கும்போது போனைக் கிட்டத்தில் வைப்பதுதான். அது கீழே வருகிறது.

"ம்ம்ம்னு உறுமிக்கினே இருக்குது"

யாரும் பேசாதபோதும் ஸ்பீக்கர் உறுமுகிறதா? லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றுங்கள். உறுமல் நின்றால், ஸ்பீக்கரும் சார்ஜரும் இரண்டு வழியில் எர்த் ஆகி இடையில் ஒரு சுற்று உண்டாகியிருக்கிறது. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் என்று கேட்டால் ரிச்சி தெருவில் கொடுப்பார்கள், விலை அதிகமில்லை. பிளக்கின் மூன்றாவது காலை வெட்டிவிடுவது சிலருக்குப் பழக்கம். உறுமல் நிற்கும்தான்; அதோடு பிள்ளைகளின் பாதுகாப்பும் போய்விடும். ஒருபோதும் செய்யாதீர்கள்.

உறுமலை நிறுத்துவதற்கு முன்னால் அதை வைத்து ஒரு பாடம் எடுத்துவிடலாம் என்பது என் கட்சி. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை ஒரு பக்கம் போய் மறுபக்கம் திரும்பி வருகிறது, அந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்கான 100 ஹெர்ட்ஸும்தான் உறுமலாகக் கேட்கின்றன. போனில் இலவச அலைமானிச் செயலி ஒன்றைத் திறந்து ஸ்பீக்கர் பக்கம் காட்டினால் அந்த இடத்தில் கோடு எழுந்து நிற்கும். அதிர்வெண் என்ற சொல்லை எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இவ்வளவு சுலபமாகப் பிடிக்கிற வேறு நேரம் அமையாது.

"பாதியில தானா ஆஃப் ஆயிடுச்சு"

ப்ரொஜெக்டர் நன்றாக ஓடிக்கொண்டிருந்து, கொஞ்ச நேரத்தில் அணைகிறது. ஆறிய பிறகு போட்டால் மறுபடி ஓடும், மறுபடி அணையும். இது சூடு. காற்று இழுக்கும் இடத்திலுள்ள வடிகட்டி அடைத்திருக்கிறது. கையேட்டில் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை என்று போட்டிருந்தாலும், எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் அந்தக் கணக்கு செல்லாது. நிலக்கரிச் சாம்பலும் லாரித் தூசும் மிதக்கிற காற்றில் மாதம் ஒருமுறையாவது வடிகட்டியைக் கழற்றி மென்மையான தூரிகையால் தட்டுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரத்தில் சாம்பல் இறுகிவிடும். விளக்குள்ள பழைய வகை ப்ரொஜெக்டர் என்றால், ரிமோட்டில் அணைத்த பிறகு விசிறி நிற்கும் வரை சுவர் ஸ்விட்சைத் தொடாதீர்கள். கடைசி பீரியட் மணி அடித்ததும் மெயினை இழுத்துவிடுகிற பள்ளிகளில்தான் விளக்கு சீக்கிரம் போகிறது.

தட்டிய சாம்பலைக் கொட்டிவிடாமல் வெள்ளைத் தாளில் வைத்து உருப்பெருக்கியில் காட்டுங்கள். காற்று மாசுக்கு வேறு படம் தேவையில்லை.

"குரல் கேக்குது, படம் கறுப்பா இருக்குது"

புதுப் போனில் எடுத்த வீடியோ, பழைய பள்ளிக் கணினி. புதுப் போன்கள் இடத்தை மிச்சப்படுத்த எச்.265 என்ற முறையில் வீடியோவைச் சுருக்குகின்றன. பழைய கணினிக்கு அந்த முறை தெரியாது. வி.எல்.சி-யில் திறந்து பாருங்கள். அதிலும் திக்கித் திக்கி ஓடினால், 'ஹேண்ட்பிரேக்' என்ற இலவச மென்பொருளில் போட்டு எச்.264, எம்பி4, 720 அளவு என்று மாற்றுங்கள். இனி எடுக்கப்போகிற வீடியோக்களுக்குப் போனின் கேமரா அமைப்பிலேயே எச்.264-ஐத் தேர்ந்தெடுத்துவிடச் சொல்லுங்கள்.

இங்கேயே வாட்ஸ்அப் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பேட்டி வீடியோவை வகுப்புக் குழுவில் சாதாரணமாக அனுப்பினால் அது நசுங்கித்தான் வந்து சேரும். இணைப்புக் குறியை அழுத்தி 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பினால் அப்படியே வரும். பென் டிரைவில் ஏற்றும்போது 'கோப்பு மிகப் பெரியது' என்று வந்தால் பென் டிரைவில் இடமில்லாததால் அல்ல. எஃப்.ஏ.டி 32 முறையில் உள்ள டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றினால் ஏற்கும், ஆனால் சில பழைய டிவிகள் எக்ஸ்ஃபாட்டைப் படிக்காது. டிவியில் போடுவதற்கென்று 720-க்குக் குறைத்த நகலே நல்லது.

"ஆயா வாயி ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்"

இது இரண்டு வெவ்வேறு நோய், பார்க்க ஒன்று போல இருக்கும். தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒரே அளவு தள்ளிப்போகிறதா, அல்லது தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகுகிறதா? இதைக் கவனிக்காமல் கை வைக்காதீர்கள்.

ஒரே அளவு தள்ளிப்போனால் குற்றவாளி பெரும்பாலும் ப்ளூடூத் ஸ்பீக்கர். சத்தத்தைச் சுருக்கி அனுப்பி, மறுபடி விரிக்கக் கொஞ்சம் தாமதம் ஆகிறது. வயர் ஸ்பீக்கருக்கு மாறுங்கள். உடனே முடியாது என்றால் வி.எல்.சி-யில் 'ஜே', 'கே' விசைகள் சத்தத்தை ஒவ்வொரு தட்டலுக்கும் 50 மில்லி நொடி முன்னும் பின்னும் நகர்த்தும். தமிழ் வசன வரிகள்தான் தள்ளிப்போகின்றன என்றால் 'ஜி', 'எச்' விசைகள்.

போகப் போக விலகினால் பிள்ளைகள் வீடியோவை எடிட் செய்திருக்கிறார்கள் என்று பொருள். போன் கேமரா நொடிக்கு இத்தனை படம் என்று சீராக எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் படங்களின் எண்ணிக்கையையும் குறைக்கும். குடிசைக்குள் திண்ணை ஓரம் எடுத்த பேட்டியில் இது கட்டாயம் நடக்கும். பல எடிட்டிங் மென்பொருள்கள் சீராக இருக்கிறது என்று நம்பிக்கொண்டு அடுக்கும், பத்து நிமிடத்தில் குரல் வாயை விட்டுப் போய்விடும். எடிட் செய்வதற்கு முன்பே மூலத்தின் நகலை ஹேண்ட்பிரேக்கில் போட்டு, 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட்' என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். அங்கே முன்னிருப்பாக அது இருக்காது, நீங்கள்தான் அழுத்த வேண்டும்.

படத்தை ஒரு போனிலும் குரலைத் தனி ரெக்கார்டரிலும் எடுத்திருந்தால் இரண்டின் கடிகாரமும் துளி துளியாக விலகும். அதற்குத்தான் பேட்டியின் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் கேமரா முன் கை தட்டச் சொல்வது. முடிவுக் கைதட்டலைப் பல பேர் மறந்துவிடுகிறார்கள். அது இருந்தால் விலகல் எவ்வளவு என்று தெரிந்துவிடும், நீட்டிச் சரிசெய்யலாம்.

குரல் கீச்சென்றோ கனத்தோ கேட்டால் அது வேறு. 44,100 முறை மாதிரியெடுத்த ஒலியை 48,000 என்று படித்தால் குரல் ஏறக்குறைய 9 சதவீதம் வேகமாகி மெலியும். நேர்மாறாகப் படித்தால் மந்தமாகும். ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டிங் மென்பொருளில், டிராக்கின் பட்டியலில் 'ரேட்' என்ற இடத்தில் சரியான எண்ணைக் கொடுத்தால் முடிந்தது.

"காத்து சத்தம்தான் கேக்குது, பேச்சே கேக்கல"

இதைப் பற்றி நீளமாகத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் வகுப்பறையில் இதற்கு மருந்து இல்லை. பதிவு எடுக்கும் இடத்திலேயே தடுத்தால்தான் உண்டு.

வலை பின்னுகிற இடத்தில், கரையில் உட்கார்ந்து பேட்டி எடுப்பது கண்ணுக்கு அழகு. காதுக்கு நாசம். பிற்பகலில் கடற்காற்று மைக்கின் மேல் நேராக மோதினால் வருகிற 'படபட' சத்தம், பேச்சு இருக்க வேண்டிய இடத்தை எல்லாம் தின்றுவிடும். காலையில் போங்கள். காற்றுக்கு முதுகு காட்டி ஆயாவை உட்கார வையுங்கள், போனை அவருக்கும் உங்களுக்கும் நடுவில் மறைவாக வையுங்கள். மைக் ஓட்டை மேல் மெல்லிய பஞ்சுத் துண்டோ இரண்டு மடிப்புப் பருத்தித் துணியோ போர்த்துங்கள். படகின் என்ஜின், ஏலச் சத்தம், ஐஸ் உடைக்கிற மெஷின் மூன்றும் உள்ள மீன்பிடித் துறைமுகத்துக்குள் பேட்டி வேண்டவே வேண்டாம். அந்தச் சத்தம் வேண்டுமென்றால் தனியாக இரண்டு நிமிடம் பதிந்துகொண்டு பின்னால் சேருங்கள்.

வீட்டுக்குள் என்றால் விசிறியையும் டிவியையும் நிறுத்தச் சொல்லத் தயங்காதீர்கள். "ஆயா, கொஞ்ச நேரம் ஃபேன நிறுத்திக்கட்டா?" என்று பேரப்பிள்ளை கேட்டால் எந்த ஆயாவும் மறுக்கமாட்டார். போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கட்டும். தூரம் இரண்டு மடங்கானால் வந்து சேரும் குரல் 6 டெசிபல் குறையும், விசிறிச் சத்தம் குறையாது. இதுவும் அறிவியல் பாடம்தான். ஒரே வரியை ஒரு சாண், இரண்டு சாண், நான்கு சாண் தூரத்தில் பதிந்து ஆடாசிட்டியில் அலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டுங்கள்.

அளவு ரொம்ப அதிகமானாலும் ஆபத்து. அலையின் தலை சமதளமாக வெட்டுப்பட்டுத் தெரிந்தால் அந்தக் குரல் கிழிந்துவிட்டது, எந்த மென்பொருளும் முழுதாகத் தைத்துக் கொடுக்காது. உச்சம் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நின்றால் போதும், சிரித்தாலும் அதட்டினாலும் தாங்கும்.

ஏற்கெனவே கெட்டுப்போன பதிவை ஓரளவு தேற்ற வேண்டுமென்றால், ஆடாசிட்டியில் முதலில் 'ஹை பாஸ் ஃபில்டர்' போட்டு 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுங்கள். காற்றின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. பிறகு பேச்சில்லாத ஒரு துண்டைக் காட்டி 'நாய்ஸ் ரிடக்‌ஷன்'. 12 டெசிபலைத் தாண்டாதீர்கள். தாண்டினால் ஆயா தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். கொஞ்சம் இரைச்சலோடு இருக்கிற மனிதக் குரல், சுத்தம் செய்த இயந்திரக் குரலை விட எவ்வளவோ மேல்.

"எழுத்தெல்லாம் இன்னாமோ மாதிரி வருது"

தமிழ் வரிகள் கெடுவதில் ஐந்து ரகம் உண்டு. திரையில் தெரிவதை வைத்தே நோயைச் சொல்லிவிடலாம்.

'தமிழ்' என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும் தெரிகிறதா? அது பாமினி எழுத்துருவில் தட்டியது. பழைய வினாத்தாள்கள், டிடிபி கடையில் அடித்த பாடக்குறிப்புகள் பலவும் பாமினி, வானவில் மாதிரியான எழுத்துருக்களில் இருக்கும். எழுத்துமாற்றிக் கருவி ஒன்றில் ஒட்டி, எந்த எழுத்துரு என்று சொன்னால் யூனிகோடாக மாறிவிடும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. பள்ளிகளின் பழைய கோப்புகளுக்குத்தான் இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

தலையில் கோடு போட்ட சின்ன 'ஏ' எழுத்தும், வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வருகிறதா? கோப்பு நல்ல கோப்புதான், வி.எல்.சி தவறான முறையில் படிக்கிறது. வசன வரி அமைப்பில் 'யூடிஎஃப்-8' என்று மாற்றுங்கள்.

வெறும் சதுரக் கட்டங்கள் என்றால் எழுத்துரு இல்லை. நிர்மலா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் போட்டால் போதும். கொம்பு முன்னால் நிற்காமல் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், எடிட்டிங் மென்பொருளுக்குத் தமிழை அடுக்கத் தெரியவில்லை. மல்லுக்கட்டாமல் வரிகளை வேறு செயலியில் படமாக்கி ஒட்டுங்கள்.

கடைசி ரகம், எல்லாமே கேள்விக்குறிகள். இதுதான் மோசம். யாரோ நோட்பேடில் 'ஏஎன்எஸ்ஐ' என்று சேமித்துவிட்டார்கள், தமிழ் அழிந்துவிட்டது, கேள்விக்குறிக்குப் பின்னால் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. மூலத்திலிருந்து மறுபடி தட்ட வேண்டியதுதான்.

தட்டுவதற்குச் சோம்பி, பேட்டியைப் போனின் குரல்வழித் தட்டச்சிடம் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. செய்தி வாசிப்பாளர் தமிழுக்கு அது பரவாயில்லை. மேற்கிலிருந்து அடிக்கிற காற்றைக் 'கச்சான்' என்று தாத்தா சொன்னது 'கட்சிதான்' என்று வந்து நிற்கும். முதல் வரைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பேரப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுத் திருத்தட்டும். 'இஸ்துகினு', 'வலிச்சிகினு' என்று ஆயா சொன்னால் அப்படியே எழுதட்டும். 'இழுத்துக்கொண்டு' என்று திருத்துகிற கையை மட்டும் தடுத்துவிடுங்கள்.

"பழைய சிடி ஓடல", "கோடு ஸ்கேன் ஆவல"

பத்துப் பதினைந்து வருடத்துக்கு முந்தைய அறிவியல் சிடிக்களில் பல, ஃபிளாஷ் முறையில் செய்தவை. 2020 டிசம்பர் 31-ஓடு ஃபிளாஷ் நிறுத்தப்பட்டது, 2021 ஜனவரி 12 முதல் அதன் உள்ளடக்கமே தடுக்கப்பட்டது. 'ரஃபில்' என்ற இலவச மென்பொருள் எளிமையான பழைய படங்களை ஓட்டும், சிக்கலானவை தடுமாறும். மின்சுற்று, ஊசல், அடர்த்தி மாதிரிப் பாடங்களுக்குக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் மாதிரிகள் இலவசம். தமிழிலும் உண்டு, ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலும் உலாவியில் ஓடும். சிடியில் 'டி.ஏ.டி' என்று முடிகிற கோப்புகள் இருந்தால் அவை பெரும்பாலும் வெறும் வீடியோதான், வி.எல்.சி-யில் இழுத்துப் போடுங்கள்.

பாடப்புத்தகத்தின் க்யூஆர் கோடு எடுக்கவில்லை என்றால், திக்‌ஷா செயலிக்குள்ளிருந்து எடுத்துப் பாருங்கள். கோட்டின் அடியில் அச்சிட்டிருக்கும் ஆறு எழுத்தைத் தட்டினாலும் அதே இடத்துக்குப் போகும். நெட் விட்டுவிட்டு வரும் பள்ளிகளில் வீட்டிலேயே இறக்கிவைத்துக்கொண்டு போங்கள்.

"எல்லாம் ஓடுது, மண்டையில ஏறல"

வயர் சரி, குரல் சரி, எழுத்து சரி. பிள்ளைகளும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். மறுநாள் கேட்டால் ஒன்றும் வரவில்லை. இதுவும் கோளாறுதான், இதற்கும் காரணம் தேடலாம். என் அனுபவத்தில் முக்கால்வாசி நேரம் படம் வேறு ஊருக்கானது.

ஓதத்தை, அதாவது கடல் தண்ணீர் தினமும் ஏறி இறங்குவதை, எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் கிடைக்கிற வீடியோவில் கனடாவின் ஃபண்டி விரிகுடா இருக்கும், 16 மீட்டர் வரை தண்ணீர் ஏறி இறங்கும், கப்பல்கள் சேற்றில் உட்கார்ந்திருக்கும். நம் சென்னைக் கரையில் பெரிய ஓதத்தன்றும் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரை ஒட்டித்தான். அந்தப் படத்தைப் பார்த்த பிள்ளை, நம் கடலில் ஓதமே கிடையாது என்று முடிவுகட்டிவிடும். அதே பிள்ளையின் தாத்தாவுக்கு எண்ணூர் முகத்துவாரத்தில் எப்போது தண்ணீர் உள்ளே ஏறும், எப்போது வற்றும், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் என்ன வித்தியாசம் என்று அத்துப்படி. இறால் தடவிப் பிடிக்கிற இருளர் குடும்பங்களுக்கு அது பிழைப்பு. தண்ணீர் வற்றுகிற நேரம் தெரியாமல், பிடித்த இறாலைப் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்க முடியாது. தாத்தாவின் பதிவில் ஒரு நிமிடத்தை முதலில் போடுங்கள். "நேத்திக்கு வந்த நேரத்துக்கு இன்னிக்கி வராது, தள்ளித் தள்ளிப் போவும்" என்று சொல்கிற இடத்தில் நிறுத்துங்கள். எவ்வளவு தள்ளிப்போகும்? ஒரு நாளைக்குச் சுமார் 50 நிமிடம். ஏன்? இங்கேதான் நிலா சுற்றுகிற அசைவுப் படம் வர வேண்டும். ஃபண்டியைக் கடைசியில் வேடிக்கைக்குக் காட்டலாம்.

கடற்காற்றும் அப்படித்தான். பாடத்தின் படத்தில் நிலம் சுடும், காற்று மேலே எழும், கடலிலிருந்து குளிர்ந்த காற்று மணி அடித்த மாதிரி வரும். மே மாதத்தில் காசிமேட்டுப் பிள்ளை எழுந்து, "கச்சான் அடிச்சா கடக்காத்து லேட்டாத்தான் வரும்னு எங்க தாத்தா சொல்றாரு மிஸ்" என்கிறது. படம் சரியா, தாத்தா சரியா என்று வகுப்பு உங்களைப் பார்க்கிறது. இரண்டும் சரி. மேற்கிலிருந்து வரும் நிலக்காற்று பலமாக இருந்தால் கடற்காற்று அதை எதிர்த்துத் தள்ளிக்கொண்டு நுழைய வேண்டும், தாமதமாகும். தாமதமான நாட்களில்தான் சென்னையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. வானிலை மையம் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் இரண்டுக்கும் தரும் அன்றாட உச்ச வெப்பநிலையைப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வரட்டும். கடலுக்குத் தள்ளியிருக்கிற மீனம்பாக்கத்துக்குக் காற்று பிந்தித்தான் போய்ச் சேருகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். படத்தில் இல்லாத ஒரு அம்புக்குறியைத் தாத்தா போட்டுக் கொடுத்திருக்கிறார்.

உப்புக்கு இன்னும் சுலபம். அத்திப்பட்டு, வல்லூர்ப் பக்கம் உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள், பாத்தித் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே உப்பு எப்போது பூக்கும் என்பார்கள். செறிவு அளக்கும் போமே மானியில் அது 25 டிகிரியை ஒட்டிய இடம். அதற்கு முன்னாலேயே ஜிப்சம் படிந்துவிடும். கடைசியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்று அவர்கள் சொல்வது அதிலுள்ள மக்னீசியத்துக்காக. ஒரு தட்டில் கடல்நீரை ஊற்றி ஜன்னலோரம் வைத்து, போனை அசையாமல் நிறுத்தி, வேகமாக ஓடும் படமாக எடுங்கள். லிட்டருக்கு 35 கிராம் என்று புத்தகம் சொல்லும். ஆறுகள் கொட்டுகிற வங்காள விரிகுடாவில் குறைவாக வந்தால் தராசைச் சந்தேகப்படாதீர்கள்.

"தாத்தா சொன்ன வருஷம் ஒத்து வரல"

பெரியவர்கள் வருடம் சொல்லமாட்டார்கள், சொன்னாலும் நம்ப வேண்டாம். "எந்த வருஷம்?" என்று கேட்காமல், "இந்திரா காந்தி செத்ததுக்கு முன்னாடியா பின்னாடியா?" என்று கேட்கச் சொல்லுங்கள். 1984. எம்.ஜி.ஆர். மறைவு 1987, சுனாமி 2004, வர்தா புயல் 2016, கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது 2017 ஜனவரி. இப்படி ஒரு முளைக்குச்சி வரிசையை வகுப்புச் சுவரில் எழுதிவைத்தால் கதைகள் தானாக நடுவில் போய் உட்காரும். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை அழித்துவிட்டு 'சரியான' கதையைச் செய்வது எடிட்டர் வேலையில்லை. "கால்வாய் எங்க தாத்தா காலத்துல வெட்டினது" என்று சொன்னால் பதிவு அப்படியே இருக்கட்டும். பக்கிங்ஹாம் கால்வாயின் வடக்குப் பகுதியை 1806-லேயே வெட்டத் தொடங்கிவிட்டார்கள் என்பது குறிப்பில் தனியாக வரட்டும்.

"கார்டு ஃபார்மட் பண்ணணுமான்னு கேக்குது"

வேண்டாம் என்று அழுத்துங்கள். கார்டை வெளியே எடுத்துவிடுங்கள், அதில் இன்னொரு படம்கூட எடுக்காதீர்கள். புதிதாக எழுதுகிற ஒவ்வொன்றும் பழையதன் மேல்தான் விழும். கணினியில் செருகி 'ஃபோட்டோரெக்' என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் பல நேரம் கோப்புகள் திரும்பக் கிடைக்கும். பெயர் மாறியிருக்கும், குரல் இருக்கும். மீட்டவற்றை அதே கார்டில் சேமிக்காமல் கணினியில் சேமியுங்கள். மலிவு விலைக் கார்டில் 128 ஜிபி என்று அச்சிட்டிருந்து உள்ளே அதில் கால்வாசிகூட இல்லாமல் இருப்பதும் நடக்கிறது. வாங்கிய அன்றே முழுக்க நிரப்பிச் சோதித்துவிடுங்கள்.

ஒற்றை மைக்கில் 48,000 மாதிரி, 16 பிட் வேவ் கோப்பாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 345 எம்பிதான். இந்த அளவுக்கு எம்பி3 ஆக நசுக்கிச் சேமிக்க அவசியமே இல்லை. பள்ளிக் கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, இன்னொரு கட்டடத்தில் ஒன்று. கோப்பின் பெயரில் தேதியும் ஊரும் இருக்கட்டும், 'புதிய பதிவு 7' என்று கிடப்பதை அடுத்த வருட ஆசிரியர் அழித்துவிடுவார்.

"அந்த வீடியோவ எடுத்துடுங்க மிஸ்"

இது இயந்திரக் கோளாறு இல்லை, ஆனால் இந்த வேலையில் கட்டாயம் வரும். ஆயா பேச்சுவாக்கில் பக்கத்து வீட்டுக் கடனையோ பழைய சாதிச் சண்டையையோ சொல்லியிருப்பார். குடும்பத்தில் ஒருவர் பள்ளி வாசலில் வந்து நிற்பார். விளக்கம் கேட்காமல் அன்றே வகுப்புக் கணினியிலிருந்தும் குழுவிலிருந்தும் எடுத்துவிடுங்கள். பிறகு நிதானமாக உட்கார்ந்து, முழுதும் வேண்டாமா, அந்தத் துண்டு மட்டும் வேண்டாமா என்று கேளுங்கள். துண்டு மட்டும் என்றால் வெட்டிய நகலை ஆயாவுக்கே போட்டுக் காட்டி, அவர் சரி என்ற பிறகு ஏற்றுங்கள். முழுதும் வேண்டாம் என்றால் மூன்று இடத்திலும் அழித்துவிட்டு, அழித்தோம் என்று அவர்களிடம் சொல்லுங்கள். அடுத்த பேட்டியிலிருந்து, ரெக்கார்டரை அழுத்தியதும் முதல் கேள்வியாக, "ஆயா, இத வகுப்புல எல்லாருக்கும் போட்டுக் காட்டலாமா?" என்று கேட்டு, அவர் சொல்கிற பதிலையும் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.